வெட்டிய பதினான்கு நொடி

ஜனவரி 4, வியாழன்

புத்தாண்டுக்கு டீலர்களுக்குக் கொடுத்தது போக மிஞ்சிய டைரிகளில் ஒன்று இது. அட்டையில் 'வேல்தாரா மோட்டார்ஸ், உடுமலை' என்று பொன்னெழுத்து. கடைசிப் பக்கங்களில் எத்தனை குதிரைத்திறன் மோட்டார் எத்தனை அடி ஆழத்திலிருந்து தண்ணீர் எடுக்கும் என்ற அட்டவணை. மற்ற பக்கங்கள் எனக்கு. நடந்ததை மட்டும் எழுதுவதாக முடிவு செய்திருக்கிறேன்.

இன்று காலை அப்பாவின் வலையொலியில் (பாட்காஸ்ட்) 60ஆவது பகுதி வெளியானது. பெயர் 'மோட்டார் பேசுது'. விவசாயிகள் தங்கள் மோட்டார் ஓடும் சத்தத்தை போனில் பிடித்து அனுப்புவார்கள். பேரிங் தேய்ந்திருக்கிறதா, ஆழ்துளைக் கிணற்றுப் போரில் தண்ணீர் இறங்கிவிட்டதா என்று அப்பா அதைக் கேட்டே சொல்லிவிடுவார். ஆரம்பத்தில் ஸ்பேனரால் ஒரு மோட்டாரின் உடம்பில் மூன்று தட்டு. முடிவில் 'தண்ணி வரட்டும்' என்று ஒரு வாக்கியம். எங்கள் மோட்டாரை வாங்குங்கள் என்று அறுபது வாரத்தில் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. நாகமாணிக்கம் சித்தப்பாவுக்கு அதில் வருத்தம். விற்பனை அவர் பொறுப்பு. ஆனால் புதிதாகக் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர், "ரேடியோவுல பேசறவரு கடைதானுங்களே இது?" என்று கேட்டுக்கொண்டேதான் படியேறுகிறார்கள்.

என் வேலை மூன்று. பதிவில் வேண்டாததை வெட்டுவது. வியாழன் காலை ஐந்தரைக்கு வெளியாகும்படி நேரம் குறித்து வைப்பது (பால் கறக்கும் நேரம்; சட்டைப்பையில் போனை வைத்துக்கொண்டு கேட்பார்கள்). அப்பா பேசியதை எழுத்தாக்கி வலைப்பூவில் போடுவது.

செய்தியோடை என்றால் என்ன என்று அப்பாவுக்கு முதலில் புரியவில்லை. வாய்க்கால் மாதிரி, நாம் மதகைத் திறந்தால் யார் யார் மடை வைத்திருக்கிறார்களோ அவர்கள் போனுக்கெல்லாம் தானாகப் போய்ச் சேரும் என்று சொன்னேன். அன்றிலிருந்து, "தண்ணி விட்டாச்சா அம்மிணி?" என்றுதான் கேட்கிறார். இப்போது 640 மடைகள்.

தீபாவளியிலிருந்து அப்பாவுக்குத் தொண்டை கட்டியிருக்கிறது. இன்றைய பகுதியில் நான்கு இருமல் வெட்டினேன்.

ஜனவரி 9, செவ்வாய்

அப்பாவும் அம்மாவும் கோயம்புத்தூரில் ஆஸ்பத்திரிக்குப் போய் மாலை திரும்பினார்கள். எனக்கு வேதியியல் தேர்வு. மருத்துவ அறிக்கை மேசை மேல் இருந்தது. அதில் இருந்த ஒரு சொல்லைப் பள்ளி நூலகத்துப் பெரிய அகராதியில் நாளை பார்க்க வேண்டும்.

ஜனவரி 10, புதன்

பார்த்தேன். இங்கே எழுதத் தேவையில்லை.

ஜனவரி 12, வெள்ளி

29ஆம் தேதி அறுவை சிகிச்சை. குரல்வளையில் எவ்வளவு எடுக்க வேண்டும் என்பது திறந்து பார்த்தால்தான் தெரியுமாம்.

சாப்பிடும்போது சித்தப்பா சொன்னார்: "அண்ணா, ஒரு விசயம். டீலருங்க காதுக்கு இது போகக் கூடாது. அவுங்களுக்கு வேல்தாரான்னா நீங்கதான். உங்க குரலுதான். மார்ச்சுலதான் எல்லா ஆர்டரும். இப்பப் போயி உடம்பு சரியில்லைன்னு தெரிஞ்சா பக்கத்துக் கம்பெனிக்காரன் பாய் விரிச்சு ஒக்காந்துக்குவான்."

அப்பா ரசத்தைக் குடித்துவிட்டு, "அதுக்கென்ன, பத்து வாரத்துக்குப் பேசி வெச்சுட்டுப் போறேன். அம்மிணி வாராவாரம் தண்ணி விட்டுரும்," என்றார்.

அம்மா, "டாக்டர் பேசாதீங்கன்னு சொன்னது எந்தக் காதுல விழுந்துச்சு?" என்றாள்.

"டாக்டருக்கு போர் இல்லீல்ல, சாந்தாமணி."

பத்து பகுதிகள் என்றால் 62 முதல் 71 வரை. மார்ச் 21 வரை வரும். அட்டவணை போட்டுவிட்டேன்.

ஜனவரி 15, திங்கள்

பொங்கல். வெல்லம் சற்று அதிகம்.

ஜனவரி 19, வெள்ளி

நான் பள்ளிக்குப் போயிருக்கும் நேரத்தில் அப்பாவே பதிவு செய்துவிடுகிறார். செம்புக் கம்பிச் சுருள்கள் வைக்கும் அறையில், கதவில் போர்வையைத் தொங்கவிட்டு. பக்கத்து அறையில் கம்பி சுற்றும் ஜெசிந்தா அக்கா அந்த நேரம் மெஷினை நிறுத்திவிடுகிறார். "அண்ணன் பேசற வரைக்கும் எனக்கு டீ டைம்" என்கிறார். ஐந்து பகுதிகள் முடிந்தன.

இருமல் நிறைய. ஆனால் வெட்டுவது எளிதாகிவிட்டது. கணினித் திரையில் பேச்சு குட்டையான புதர் மாதிரித் தெரியும். இருமல் பனைமரம் மாதிரி நிற்கும். காதில் போட்டுக் கேட்க வேண்டியதே இல்லை. பனைமரங்களைப் பார்த்து வெட்டினால் போதும். ஒரு பகுதிக்கு முன்பு ஒரு மணி நேரம் ஆகும். இப்போது இருபது நிமிடம்.

இதில் 66ஆவதுதான் கடினம். ஒரே இடத்தில் பதினான்கு நொடி முழுக்கப் பனங்காடு. மொத்தமாக எடுத்துவிட்டேன். இரண்டு முனைகளும் நன்றாக ஒட்டின.

வெட்டிய துண்டுகளை அழிப்பதில்லை. 'வெட்டியவை' என்று ஒரு கோப்புறையில் கிடக்கின்றன. கணினியில் இடம் இருக்கிறது, அதனால்.

ஜனவரி 24, புதன்

பத்தும் முடிந்தது. 71ஆவதில் அப்பா குரல் வேறு யாருடையதோ போல இருப்பதாக அம்மா சொன்னாள். ஒலியைக் கூட்டிக் குறைக்கும் வசதி இருக்கிறது. சரிசெய்தேன்.

ஜனவரி 28, ஞாயிறு

அதிகாலையிலேயே கிளம்பினார்கள். சித்தப்பா கார் ஓட்டினார். எனக்குச் சித்தி துணை. அப்பா காரில் ஏறியபின் கண்ணாடியை இறக்கி, "கேட்டச் சாத்திக்கோ அம்மிணி, நாய் உள்ள வந்துரும்," என்றார். சாத்தினேன்.

ஜனவரி 29, திங்கள்

ஆறு மணி நேரம். முழுவதுமாக எடுத்துவிட்டார்கள். மூச்சு இனி கழுத்தில் உள்ள துளை வழியாக. அம்மா போனில் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன்.

இயற்பியல் செய்முறை நோட்டில் இரண்டு வரைபடம் பாக்கி. முடித்தேன்.

பிப்ரவரி 1, வியாழன்

64ஆவது சரியாக ஐந்தரைக்கு வெளியானது.

மதியம் அம்மா போன் செய்தாள். வார்டில் பக்கத்துக் கட்டிலுக்குத் துணையாக வந்திருப்பவர் தாராபுரம் பக்கத்து விவசாயி. காலையில் அவர் போனில் மூன்று தட்டு கேட்டதாம். அடுத்து அப்பா குரல். வால்வில் மண் அடைத்தால் என்ன செய்வது என்று பதினோரு நிமிடம். அப்பா கழுத்தில் குழாயோடு இந்தக் கட்டிலில் படுத்திருக்கிறார். அந்தக் கட்டிலிலிருந்து பேசிக்கொண்டிருக்கிறார்.

"அந்த மனுசன் எங்கிட்டயே சொல்றாரு, 'இவரு சொன்னா சரியா இருக்குமுங்க, நீங்களும் கேளுங்க'ன்னு," என்றாள் அம்மா.

"நீ என்ன சொன்ன?"

"சரிங்கன்னேன்."

"அப்பா?"

"சொவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டாரு."

பிப்ரவரி 8, வியாழன்

65 வெளியானது. பின்னூட்டங்கள் ஒன்பது. ஒருவர், 'அண்ணா இப்பத்தான் குரல் பளிச்சுன்னு இருக்குது, சளி விட்டுருச்சாட்ட இருக்குது' என்று எழுதியிருக்கிறார். 'நன்றி' என்று கம்பெனி பெயரில் பதில் போட்டேன்.

பிப்ரவரி 11, ஞாயிறு

அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். மெலிந்திருக்கிறார். கழுத்தில் மெல்லிய வெள்ளைத் துணி. ஒரு சிலேட்டு வாங்கி வைத்திருந்தேன். பிளாஸ்டிக் சட்டம், இரண்டு பக்கமும் கறுப்பு. கட்டிலுக்கு அருகே ஸ்பேனர். கூப்பிட வேண்டுமென்றால் கட்டில் கம்பியில் தட்டுகிறார். ஒரு தட்டு அம்மா, இரண்டு தட்டு நான்.

முதலில் எழுதியது: காப்பி.

டாக்டர் காப்பி வேண்டாம் என்றிருக்கிறார் என்றாள் அம்மா. அதன் கீழே அதைவிடப் பெரிய எழுத்தில் மறுபடியும் காப்பி என்று எழுதிக் காட்டினார். "பேசும்போதும் கத்தறது, எழுதும்போதும் கத்தறது," என்றாள் அம்மா. அப்பாவின் தோள்கள் குலுங்கின. சிரிக்கிறார் என்று புரியச் சற்று நேரம் ஆனது. சத்தம் வரவில்லை.

பிப்ரவரி 15, வியாழன்

66 வெளியானது. கேள்வி பூளவாடியிலிருந்து: மோட்டார் போட்டுப் பத்து நிமிடத்தில் ஸ்டார்ட்டர் ட்ரிப் ஆகி மோட்டார் நின்றுவிடுகிறது, என்ன செய்ய? அப்பாவின் பதில்: ரிலே குறைவாக வைத்திருப்பார்கள், அரைப் பாயிண்ட் கூட்டி வையுங்கள், நிற்காமல் ஓடும். மோட்டாருக்குள் கரண்ட் அளவுக்கு மேல் பாய்ந்தால் உடனே நிறுத்திவிடும் காவல்காரன்தான் ரிலே. வலைப்பூவில் அப்படியே எழுதினேன். பலருக்கும் உள்ள பிரச்சினை போலிருக்கிறது. ஒரே நாளில் 388 பேர் இறக்கிக்கொண்டார்கள். இதுவரை இதுதான் அதிகம்.

வியாழன் காலைகளில் அப்பா குளியலறையில் தண்ணீர்க் குழாயைத் திறந்து வைத்துக்கொள்கிறார். சமையலறையில் அம்மா அந்த வாரப் பகுதியைக் கேட்பதை நிறுத்தவில்லை.

பிப்ரவரி 17, சனி

பிற்பகல் கடையில் இருந்தேன். குடிமங்கலத்திலிருந்து திருமலைசாமி என்பவர் ஆட்டோவில் ஒரு மோட்டாரைக் கொண்டுவந்தார். எங்கள் மோட்டார்தான், வாங்கி எட்டு மாதம். திறந்ததும் கருகிய வாடை.

"என்ன பண்ணுனீங்க?" என்றார் சித்தப்பா.

"நானென்ன பண்ணுனேன்? அண்ணன் ரேடியோவுல சொன்னாப்ல ரிலேயக் கூட்டி வெச்சனுங்க. அரைப் பாயிண்ட்டுதான். ஓடுச்சு, நல்லாத்தான் ஓடுச்சு. மத்தியானம் பாத்தா பொகை."

"அண்ணன் சொன்னா தப்பா இருக்காது. இது காயில்ல, கம்பி சுத்துனதுல ஏதோ கோளாறு," என்ற சித்தப்பா ஜெசிந்தா அக்கா பக்கம் திரும்பினார். "போன வருசம் சித்திரையில சுத்துனது நீதானே?"

ஜெசிந்தா அக்கா மோட்டாருக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். "அண்ணா, ரெண்டு பேஸ் கரியாட்டம் கருகியிருக்கு. மூணாவது புதுசாட்டம் இருக்கு. சுத்துனவ தப்புன்னா மூணும் ஒண்ணாத்தான் போகும். இது மூணு பேஸ் கரண்டுல ஒண்ணு வராதப்ப ஓட்டுனது."

"நீ எனக்குச் சொல்லித் தர்றயா?"

"உங்களுக்குச் சொல்லல, மோட்டாரப் பாத்துச் சொல்றேன்."

வீட்டுக்கு வந்து 'வெட்டியவை' கோப்புறையைத் திறந்தேன். 66. பதினான்கு நொடி. காதில் போட்டுக் கேட்டேன்.

அது முழுவதும் இருமல் அல்ல. நடுவே அப்பா பேசுகிறார். மூன்று பேஸும் வருகிறதா என்று பார்த்த பிறகுதான் ரிலேயைத் தொட வேண்டும் என்கிறார். ஒரு பேஸ் இல்லாவிட்டால் ரிலே ட்ரிப் ஆகி மோட்டாரைக் காப்பாற்றும். அப்போது கூட்டி வைத்தால் எரிந்துவிடும். இன்னொன்றும் சொல்கிறார். அதை இங்கே எழுதவில்லை.

பிப்ரவரி 18, ஞாயிறு

66ஆவது பகுதியை ஓடையிலிருந்து நீக்கினேன். வலைப்பூவிலும் நீக்கினேன். யாரிடமும் சொல்லவில்லை.

ஆனால் நீக்குவதால் பெரிய பயன் இல்லை. மதகை மூடினால் இனிமேல் போகாது, அவ்வளவுதான். ஏற்கெனவே போன்களுக்குப் போய்ச் சேர்ந்த 388 அங்கேயே இருக்கும். இன்று கேட்காதவர் நாளை கேட்பார். இதை அப்பாவுக்கு விளக்கும்போது நானே ஒருமுறை சொல்லியிருக்கிறேன், விட்ட தண்ணியை இழுக்க முடியாது என்று.

உயிரியல் மூன்றாம் பாடம் படித்தேன். ஒன்றும் நினைவில் இல்லை.

பிப்ரவரி 19, திங்கள்

பள்ளியிலிருந்து வந்தபோது கடை வாசலில் இன்னும் இரண்டு மோட்டார்கள். இரண்டிலும் அதே மாதிரி இரண்டு பேஸ் கரி, ஒன்று புதிது.

ஜெசிந்தா அக்கா சாப்பாட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். மணி நான்கரைதான் ஆகியிருந்தது.

"சீக்கிரம் போறீங்களா அக்கா?"

"உங்க சித்தப்பா நாளைலேர்ந்து வர வேண்டாம்னுட்டாரு. வேற ஆளு பாத்துக்கறாராம்." கூடையின் மூடியை அழுத்தி மூடினார். "பதினோரு வருசம் அம்மிணி. என்ற கையில சுத்துன காயில் ஒண்ணு திரும்பி வந்ததில்ல. உங்கப்பாவுக்குப் பேச முடிஞ்சிருந்தா எனக்காக ஒரு வார்த்தை சொல்லியிருப்பாரு."

நான் என்ன சொன்னேன் என்றால், "பஸ் வந்துருச்சுங்க அக்கா" என்று சொன்னேன்.

பிப்ரவரி 20, செவ்வாய்

உடம்பு சரியில்லை என்று பள்ளிக்குப் போகவில்லை. அது பொய்.

காலையில் அப்பா எழுந்து, துணியைக் கழுத்தில் சரிசெய்துகொண்டு, சுவரைப் பிடித்தபடி பட்டறைக்கு நடந்து போனார். அறுவைக்குப் பிறகு முதல்முறை. மூன்று மோட்டார்களையும் பார்த்தார். விரலை உள்ளே விட்டுக் கரியைத் தேய்த்து முகர்ந்து பார்த்தார். இப்போது அவருக்கு வாசனை தெரிவதில்லை. பழக்கம்.

சித்தப்பாவிடம் சிலேட்டை நீட்டினார்: 'ஜெசிந்தா எங்கே?'

சித்தப்பா சொன்னார்.

அழித்துவிட்டு எழுதினார்: 'இது பேஸ் இல்லாம எரிஞ்சது. ரிலேய யாரு கூட்டச் சொன்னா?'

"நீங்கதான் அண்ணா. ரேடியோவுல."

'நான் அப்படிச் சொல்லல.'

"சொன்னீங்க அண்ணா. ஊரே கேட்டுச்சு."

அப்பா என்னைப் பார்த்து இரண்டு தட்டு தட்டினார். ஸ்பேனர் இல்லாததால் விரலால். நான் கணினியைக் கொண்டுவந்தேன். ஹெட்போனை அவரே எடுத்து மாட்டிக்கொண்டார். தன் குரலை அவர் கேட்பது இதுதான் முதல்முறை, ஆஸ்பத்திரிக்குப் பிறகு. பதினோரு நிமிடமும் தரையில் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரிலே வரும் இடத்தில் தலை நிமிர்ந்தது. திரும்பவும் அந்த இடத்துக்கே கொண்டுபோகச் சொல்லிக் கையால் காட்டினார். கேட்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

நான் 'வெட்டியவை' கோப்புறையைத் திறந்து அந்தத் துண்டை ஓட்டினேன். நான்கு முறை கேட்டார்.

"நான்தான் வெட்டுனேன்," என்றேன். "இருமல்னு நெனைச்சேன். காதுல போட்டுப் பாக்கல. மரத்த மட்டும் பாத்து வெட்டிட்டேன். அக்கா மேல தப்பு இல்ல. சனிக்கிழமையே எனக்குத் தெரியும்."

சித்தப்பா கம்பி சுற்றும் மெஷின் பக்கம் திரும்பினார்.

அப்பா எழுதினார்: 'ஏன் காதுல போட்டுப் பாக்கல?'

நான் கணினியை மூடினேன். பிறகு அதைத் தானே அழித்துவிட்டு, சித்தப்பாவுக்கு எழுதினார்: 'ஜெசிந்தா வீட்டுக்குப் போ. நீயே போ.'

பிப்ரவரி 21, புதன்

ஜெசிந்தா அக்கா வந்துவிட்டார். சித்தப்பா நேரில் போய், உட்காராமல் நின்றுகொண்டே மன்னிப்புக் கேட்டாராம். "மன்னிப்ப மோட்டாரு கிட்டக் கேட்டாப் போதும்னு சொன்னேன்," என்று அக்கா என்னிடம் சொன்னார். என்னைத் திட்டவில்லை. ஆனால் டீ டைமில் எனக்கு எப்போதும் தரும் வர்க்கி பிஸ்கட்டை இன்று தரவில்லை.

மாலையில் நாலாவது மோட்டார் வந்தது. நாளை வியாழன். 388 பேருக்கும் போய்ச் சேர வேண்டும் என்றால் அதே ஓடையில்தான் விட வேண்டும். என்ன விடுவது என்பதுதான் பேச்சு.

சித்தப்பா: "சுருக்கமா எழுத்துல போட்டுரலாம். 'ரிலேயைத் தொடும்முன் மெக்கானிக்கை அணுகவும்'னு."

அம்மா: "எழுத்தப் படிக்கறவங்களா இருந்தா அவுங்க ஏன் பால் கறக்கும்போது காதுல கேக்கறாங்க?"

சித்தப்பா: "அப்ப அந்தத் துண்டுல இருமல மட்டும் எடுத்துட்டு வார்த்தைய விடு கண்ணு. முடியுமா?"

முயன்றேன். வார்த்தையின் மேலேயே இருமல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. இதை எடுத்தால் அதுவும் போகிறது.

சித்தப்பா: "இப்பல்லாம் கம்ப்யூட்டர்ல யாரு குரல வேணும்னாலும் செஞ்சு தர்றாங்களாமே. அண்ணன் குரலு பன்னெண்டு மணி நேரம் நம்மகிட்டக் கெடக்குதே."

அப்பா ஸ்பேனரால் மேசையில் தட்டினார். ஒரே தட்டு, பலமாக. எச்சில் துப்பிச் சிலேட்டைத் துடைத்தார். அம்மா முகம் சுளித்தாள்.

'இருமலோட விடு.'

"அண்ணா, டீலருங்க..."

'ஆபரேசன் ஆச்சுன்னும் சொல்லிரு. நாலு மோட்டார் எரிஞ்சுது. இன்னும் எத்தனையோ. அவன் நம்ம குரல நம்பித்தான் கை வெச்சான்.'

சிலேட்டில் இடம் போதாமல் கடைசி வரி சட்டத்தின் மேல் ஏறிவிட்டது.

"யாரு சொல்றது?" என்றார் சித்தப்பா.

அப்பா சுண்ணக்கட்டியால் என்னைக் காட்டினார்.

பிப்ரவரி 22, வியாழன்

ஐந்தரைக்கு வெளியானது. மொத்தம் ஒரு நிமிடம் பத்து நொடி. எண் போடவில்லை. மூன்று தட்டையும் அப்பாவே தட்டினார், நேற்று மாலை, கம்பி அறையில். என் குரல் பதிவில் மூக்கால் பேசுவதுபோல் இருக்கிறது. வலைப்பூவில் போட்ட எழுத்து வடிவம் இது:

'வணக்கம். நான் குழந்தைவேல் அவர்களின் மகள், பதினோராம் வகுப்பு. போன வாரப் பகுதியில் ஒரு பெரிய தவறு இருக்கிறது. அது அப்பாவுடைய தவறு அல்ல. அவர் சொன்னதில் பதினான்கு நொடியை நான் வெட்டிவிட்டேன். அதை இப்போது முழுமையாகக் கேளுங்கள். ரிலேயைக் கூட்டியவர்கள் இன்றே பழைய இடத்துக்குத் திருப்பி வைத்துவிடுங்கள். மோட்டார் எரிந்திருந்தால் கொண்டுவாருங்கள், புதிதாகச் சுற்றித் தருகிறோம். அப்பாவுக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை ஆகியிருக்கிறது. இனி அவர் பேச மாட்டார். நீங்கள் இந்த ஒரு மாதமாகக் கேட்பது முன்பே பேசி வைத்தது. இதை உங்களிடம் சொல்லாமல் இருந்தோம்.

(அப்பா) ஆனா ஒண்ணு... (இருமல்) மூணு பேஸும் வருதான்னு... (இருமல்) மொதல்ல பாத்துக்கோணும்... (இருமல், நீண்டது) ஒண்ணு இல்லீன்னாலும் ரிலேயத் தொடாதீங்க, எரிஞ்சு போகும்... (இருமல்) அம்மிணி, இது முக்கியம். இருமுதுன்னு இத வெட்டிராத.'

அவ்வளவுதான். 'தண்ணி வரட்டும்' போடவில்லை. அந்தத் துண்டில் அது இல்லை.

பள்ளிக்குப் போனேன். வேதியியல் திருப்புதல் தேர்வு.

பிப்ரவரி 24, சனி

இரண்டு டீலர்கள் ஆர்டரைத் தள்ளிப்போட்டிருக்கிறார்கள். சித்தப்பா அதைச் சொல்லிவிட்டுச் சாப்பிட்டார். எரிந்தது மொத்தம் ஐந்து மோட்டார். ஜெசிந்தா அக்கா மூன்றைச் சுற்றி முடித்துவிட்டார். இன்று வர்க்கி தந்தார்.

ரிலேயைத் திருப்பி வைத்ததாகச் சொன்னவர்கள் 73 பேர். ஒரு தாளில் பெயரும் ஊரும் எழுதிக்கொண்டிருக்கிறேன். எங்களிடம் போன் எண் இருக்கிற மற்றவர்களுக்குச் சித்தப்பாவும் நானும் மாறி மாறி போன் செய்கிறோம்.

திருமலைசாமி குரல்பதிவு அனுப்பியிருந்தார். அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன்:

"அண்ணா, நானு குடிமங்கலம் திருமலைசாமிங்க. எங்கூட்ல எல்லாரும் ஒக்காந்து கேட்டோம். எரும ஒதச்சுப் பாலுகூடச் சிந்திப் போச்சு, அத உடுங்க. மோட்டாருக்கு ட்ரிப் ஆகறதுக்கு ஒரு ரிலே இருக்குது, மனுசனுக்கு ஒண்ணும் வெக்காமப் போயிட்டானே சாமி. கோவமெல்லாம் இல்லீங். ஆனா ஒரு மாசமா ஏமாத்திப்புட்டீங்க பாத்துக்கோங்க. அதுக்கு நேர்ல வந்து பேசிக்கறேன். சரி, இத கேளுங்க."

அதன்பின் நாற்பது நொடி மோட்டார் ஓடும் சத்தம் மட்டும்.

அப்பா கண்ணை மூடிக் கேட்டார். பிறகு எழுதினார்: 'கீழ் பேரிங் லேசா உறுமுது. ஆறு மாசம் தாங்கும். தண்ணி நல்லா வருது.' திருமலைசாமிக்கு அதை நான் படித்து அனுப்பினேன். படிக்கும்போது 'தாங்கும்' என்ற இடத்தில் இருமல் வந்தது. எனக்குத்தான். தண்ணீர் குடிக்காமல் படித்தேன். அப்படியே அனுப்பிவிட்டேன்.

பிப்ரவரி 28, புதன்

67 முதல் 71 வரை உள்ள ஐந்து பகுதிகளிலும் வெட்டிய துண்டுகளை அந்தந்த இடத்தில் திரும்ப வைக்கும் வேலை. திரையைப் பார்த்துச் செய்ய முடியாது. எந்தத் துண்டு எங்கே என்று காதில் போட்டுக் கேட்டால்தான் தெரியும். இன்று 67 முடிந்தது. மூன்று மணி நேரம் ஆனது.

அம்மா வந்து, "இன்னுமா முடியல?" என்றாள். இல்லை என்றேன். அவள் மற்றொரு ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

பிப்ரவரி 29, வியாழன்

67 வெளியானது. 702 மடைகள். குளியலறைக் குழாய் மூடியிருந்தது.

ஒன்பது இருமல். ஒன்பதும் இருக்கின்றன.